ஒரு நாளும் முறியாமல்

என் கணவர் கணக்கு வாத்தியார். நல்லூரடியில் ஒரு ரியூஷன் கொட்டிலில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பிள்ளைக்குப் புள்ளி போடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் கிணற்று மோட்டரைக்கூடக் கழற்றமாட்டார். நானோ மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் ஒரு ஜெபம், ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான். கலியாணம் கட்டி வந்த புதிதில் அவர் என் பிறப்புப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுவதும் எதையோ கூட்டிக் கழித்துவிட்டு, என் நட்சத்திரம் கேட்டை என்று அறிவித்தார். அதுவரைக்கும் நட்சத்திரம் இல்லாத குறை தெரியாமலே வளர்ந்துவிட்டவள் நான்.

இதை வைத்து நான் அவரைப் பகிடி பண்ணாத நாள் கிடையாது. அவரும் கோபித்ததில்லை. "உங்கடை ஆக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காணும். எங்களுக்கு ஏழு நாளையும் சமாளிக்க வேணும்," என்பார்.

அவருக்கு மூட்டுவாதம் தொடங்கியது விரல்களில்தான். காலையில் எழும்பினால் கையை மடக்க முடியாது. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். வெண்கட்டியை விரல்களால் பிடிக்க முடியாமல் சின்னப் பிள்ளைகள் உலக்கையைப் பிடிப்பதுபோல முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கரும்பலகையில் எழுதினார். ஒரு நாள் அதை நான் ரியூஷன் வாசலில் நின்று பார்த்துவிட்டேன். அப்படியே வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதேன்.

குளிசை மாத்திரைகளுக்கு நோவு அடங்கவில்லை. கடைசியில் கிளினிக்கில் டொக்டர் ஓர் ஊசியை எழுதினார். இரண்டு கிழமைக்கு ஒன்று போட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அது எப்போதாவதுதான் வரும். வந்தாலும் எங்களைவிட மோசமாகப் படுத்துவிட்டவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், அது நியாயம்தான். வெளியில் வாங்குவதென்றால் விலையைக் கேட்கிறவருக்கும் சேர்த்து மூட்டு வலிக்கும். எங்களைக் காப்பாற்றியது என் கம்பனியின் மருத்துவக் காப்புறுதி. வேலை செய்கிறவளோடு சேர்த்து அவளுடைய புருசனுக்கும் அது கைகொடுத்தது. ஊசி தொடங்கிச் சில மாதங்களில் அவர் மறுபடியும் வெண்கட்டியை விரல்களால் பிடித்தார். அந்தக் காப்புறுதி இருக்கும் வரைக்கும் அந்தக் கை இருக்கும் என்பதை நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கம்பனியை எனக்குப் பிடிக்காமல் போனது. அது தவணைக்கு வாகனம் கொடுக்கிற ஒரு லீசிங் கம்பனி. முதலில் என்னை உள்ளே கணக்கு மேசையில்தான் வைத்திருந்தார்கள். பிறகு, 'பெண் பிள்ளை போய்க் கேட்டால் சனம் சண்டைக்கு வராது' என்று ஒரு புத்திசாலி கண்டுபிடித்து, தவணை கட்டாதவர்களின் வீடுகளுக்கு என்னை அனுப்பத் தொடங்கினார்கள். நான் போய்ச் சிரித்துக் கதைப்பேன். எனக்குப் பின்னால் வருகிற ஆட்கள் வாகனத்தை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அப்படி இழுத்து வந்த ஓட்டோவின் பின் சீற்றில் ஒரு பிள்ளையின் தண்ணிப் போத்தல் கிடந்தது. பாதித் தண்ணீர் இருந்தது. அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவன் எடுத்து மதிலில் வைத்தான்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார்.

"விட்டிட்டு வாரும். நீர் இப்பிடி இருக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது."

"விட்டால் ஊசி?"

"ஊசி இல்லாத காலத்திலையும் நான் படிப்பிச்சனான்தானே."

"எப்பிடிப் படிப்பிச்சியள் எண்டு நான் பாத்தனான்," என்றேன். இந்தக் கதை எங்கள் வீட்டில் பல தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் வந்து நின்றுவிடும்.

தொண்டைமானாற்றுப் பக்கத்தில் நண்டு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் முதலில் விசாரித்தது சம்பளத்தை அல்ல, காப்புறுதியை. அங்கே ஆட்களைச் சேர்க்கிற, ஆளணி பார்க்கிற பிள்ளை மரியாதையாகச் சொன்னாள்: ஏற்கெனவே உள்ள வருத்தம், நோய் என்றால் சேர்ந்த முதல் வருடத்தில் தரமாட்டார்கள், ஆனால் நான் இன்னொரு கம்பனியின் காப்புறுதியில் இருந்து வருவதால், அங்கே இருந்த காலத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பழைய கம்பனியிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதும். எனக்குத் தலையில் இருந்த பாரம் இறங்கியது. பங்குனியோடு, மார்ச் மாதக் கடைசியில், வேலையை விடுவதாக மார்கழியிலேயே எழுதிக் கொடுத்தேன். புதுக் கம்பனி என்னை அடுத்த மாதத்தின் முதல் நாள், திங்கட்கிழமை வரச் சொன்னது.

வீட்டில் சொன்னதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். மச்ச மணமே ஆகாது. "இனி வெள்ளிக்கிழமையிலை நண்டு மணத்தோடை வருவீர். உம்மைக் கிணத்தடியாலை சுத்தித்தான் உள்ளுக்கு விட வேணும்," என்றார். சிரித்துக்கொண்டே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். எடுத்தவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கள் அட்டமி. செவ்வாய் நவமி. போதாததற்குத் திங்களன்று கேட்டை நட்சத்திரக்காரிக்குச் சந்திராட்டமமும் சேர்ந்து வந்திருந்தது. "அட்டமி நவமியிலை தொட்டது துலங்காது. புதன்கிழமை தசமி. வடிவான நாள். புதன்கிழமை போய்ச் சேரும்," என்றார்.

இரண்டு நாள்தானே என்று நானும் விட்டுவிட்டேன். புது மனேச்சருக்குத் தொலைபேசி எடுத்து, புதன்கிழமை வரலாமோ என்று கேட்டேன். காரணம் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. "ஓம் ஓம், திங்கள் அட்டமியெல்லே. நானே சொல்லுவம் எண்டு நினைச்சனான். புதன் வாங்கோ, தங்கச்சி," என்றார். வேறெந்த ஊரில் ஒரு மனேச்சர் இப்படிச் சொல்வாரோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. நல்ல இடத்துக்குத்தான் போகிறோம் என்று நான் மகிழ்ந்தேன்.

வேலை விடுகிற கிழமையில், செவ்வாய்க்கிழமை, ஆளணிப் பிள்ளை அழைத்தாள். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, நீங்கள் புதன்கிழமைதான் வாறியளாம். உங்கடை பழைய காப்புறுதி எப்ப முடியுது?"

"மாதக் கடைசியோடை. ஞாயிற்றுக்கிழமை."

"அப்ப இடையிலை ரெண்டு நாள் முறியுதக்கா. ஒரு நாளும் முறியாமல் வந்தால்தான் பழைய காலத்தைச் சேர்ப்பினம். முறிஞ்சால் புதுசாச் சேர்ந்த ஆள் மாதிரித்தான். முதல் வருசம் அவருக்கு ஒண்டும் கிடைக்காது."

நான் லீசிங் கந்தோர்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். திங்களன்றே பெயரைப் பதிய ஏலாதோ என்று கேட்டேன். வேலைக்கு வந்து கையெழுத்து வைத்த நாளில் இருந்துதான் பதிவு என்றாள். பாவம், அவளுக்கும் கவலையாகத்தான் இருந்தது.

பழைய மனேச்சரிடம் போய், இன்னும் இரண்டு நாள் என்னை வைத்திருக்க முடியுமோ என்று கேட்டேன். அவர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மனிதர். "உங்களை விட எங்களுக்கு மனமில்லைப் பிள்ளை," என்று தொடங்கி, கணக்கு வருடம் முடிகிறது, தலைமைக் கந்தோர் ஒத்துக்கொள்ளாது என்று இனிக்க இனிக்கக் கையை விரித்தார். நானே எழுதிக் கொடுத்த திகதி. அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. வெளியே வந்தபோது எனக்குக் கோபம் பஞ்சாங்கத்தின் மேல்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "நான் திங்கட்கிழமை போறன். மனேச்சருக்கும் சொல்லிப்போட்டன்."

அவர் உடனே மறுத்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தன்னுடைய ஊசியைப் பற்றிய கதை, கணக்கு வாத்தியார், ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். விளங்கத்தான் செய்தது. விளங்கிக்கொண்டுதான் மறுத்தார்.

"என்ரை வருத்தத்துக்காக உம்மை அட்டமியிலை அனுப்பமாட்டன். இத்தினை வருசம் எனக்காகத்தானே அந்த நரகத்துக்குள்ளை கிடந்தனீர். இப்ப ஒரு நல்ல இடம் கிடைச்சிருக்கு. அதையும் எனக்காகக் கெட்ட நாளிலை தொடங்கப் போறீரோ?"

"அட்டமி என்ன செய்யும்? கடிக்குமோ?"

"உமக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு இருக்கு. அங்கை உமக்கு ஒண்டு நடந்தால் என்னாலைதான் எண்டு நான் சாகும் வரைக்கும் நினைப்பன்."

"ஊசி இல்லாமல் உங்கடை கை முடங்கினால் நான் என்ன நினைப்பன்?"

"ஒரு வருசம்தானே. பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த அகப்பையை வாளிக்குள் எறிந்தேன். முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்று சும்மாவா சொன்னார்கள். நான் அவருக்காகப் போகிறேன் என்கிறேன். அவர் எனக்காக வேண்டாம் என்கிறார். எங்களுடையது உண்மையில் சண்டையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் சண்டைக்குரிய எல்லாம் நடந்தது. அன்றும் அடுத்த நாளும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். அவர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். மாசிப் பனி போயும் அவருடைய விரல்கள் அந்த நாட்களில் வீங்கித்தான் இருந்தன. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கழுவுகிறதைப் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அவராகவே வந்தார். கையில் பஞ்சாங்கம்.

"இஞ்சேரும், ஒரு வழி இருக்கு. நாளைக்குப் பஞ்சமி. காலமை ஏழு மணிக்கு முன்னம் நல்ல நேரம். நீர் புது வேலைக்குக் கொண்டு போற பையை நாளைக் காலமை பக்கத்து வீட்டிலை கொண்டுபோய் வையும். அந்த நேரத்திலை நீர் வெளிக்கிட்டதாத்தான் கணக்கு. பிறகு திங்கட்கிழமை அங்கையிருந்து பையை எடுத்துக்கொண்டு போனால் அட்டமி உம்மைப் பிடிக்காது. முந்தி ஆக்கள் பயணம் போகேக்கை அப்பிடித்தான் செய்வினம். மூண்டு நாளைக்குச் செல்லும்."

வீட்டை விட்டுப் பை போனால் ஆள் போன மாதிரி. இடையில் ஆள் வீட்டிலே படுத்து எழும்பினாலும் பயணம் முறியவில்லை. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதைத்தானே அந்தப் பிள்ளையும் சொன்னவள்," என்றேன். "நான் லீசிங் கம்பனியிலை சேர்ந்த அண்டைக்கு வெளிக்கிட்டதாத்தான் இவையும் கணக்குப் பாக்கப் போகினம். இடையிலை முறியாமல் இருந்தால் சரி."

அவரும் யோசித்தார். "அப்ப காப்புறுதிக்காரரும் எங்கடை ஆக்கள்தான்," என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டது.

சபைக்குப் போகிறவள் இதைச் செய்யலாமோ என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்ததுதான். ஆனால் கடவுள் என் பையில் குற்றம் பார்க்கிற ஆளாக எனக்குப் படவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கைப்பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி, பேனை, குடை எல்லாவற்றையும் வைத்து, மனதுக்குள் ஒரு சின்ன ஜெபமும் செய்துகொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பது ஓர் அக்கா. புருசன் இறந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றவர் என்னையும் பையையும் பார்த்தார். "நாள் வைக்கிறியளோ? உள்ளுக்குக் கதிரையிலை வையுங்கோ பிள்ளை. நிலத்திலை வைக்காதையுங்கோ," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. லீசிங் கம்பனியில் என்னுடைய கடைசி நாளுக்கு நான் சோற்றுப் பார்சலைப் பிளாஸ்டிக் சொப்பின் பையில் தூக்கிக்கொண்டு போனேன். காப்புறுதிக் கடிதத்தையும் அதே பையில்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கள் காலை அவர் எனக்கு முன்னரே எழும்பி ஸ்கூட்டியைத் துடைத்து வைத்திருந்தார். நான் சாறியைக் கட்டிக்கொண்டு பையை எடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா பையைத் தந்தார். நான் திரும்பும்போது, "நில்லுங்கோ பிள்ளை," என்றார்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஓர் ஐஸ்கிறீம் டப்பாவை எடுத்து நீட்டினார். "உங்கடை பிரிஜ் திருத்தியாச்செண்டால் இதையும் கொண்டு போங்கோ. அது பழுதெண்டு உங்கடை மாஸ்டர் தந்து வைச்சவர். மருந்துச் சாமான், எனக்குப் பயமாயிருக்கு. கறண்ட் நிண்டால் நெஞ்சு இடிக்குது."

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளும் பழுதாகவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே அவருடைய ஊசிகள். ஒன்றல்ல, நாலு. உடைக்காத பெட்டிகள்.

ஊசி நாட்களில் நான் வேலைக்குப் போய்விடுவேன். அவரே பார்மசிக்குப் போய் ஊசியை எடுத்து, சந்தியில் இருக்கிற டிஸ்பென்சரியில் போட்டுக்கொண்டு வருவார். போட்டாச்சோ என்று கேட்டால் போட்டாச்சு என்பார். கை வீங்கியிருக்கே என்றால் பனி என்பார். நான் அந்தப் பனியை நம்பினேன். பங்குனி வெய்யிலிலும் நம்பினேன்.

"நேரத்தைப் பாரும்," என்று அவர் வாசல் படலையடியில் நின்று கூப்பிட்டார். நான் பையைப் படலைக்கு வெளியே நின்ற ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு, டப்பாவைச் சாறித் தலைப்பால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய், எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினால் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டேன். போகாவிட்டால் எல்லாம் முறிந்துவிடும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கண் மறைத்ததால் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

புது இடத்தில் எல்லாரும் நல்ல மாதிரி. அட்டமியில் வந்திருக்கிறேனே என்று மனேச்சர் கொஞ்சம் தயங்கினார். பையை முன்னமே வெளியே வைத்த கதையைச் சொன்னேன். "அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை," என்று முழுமனதாகத் தலையாட்டினார். ஆளணிப் பிள்ளை என் கடிதத்தை அனுப்பிவிட்டு, பின்னேரம் நாலு மணிபோல என் மேசைக்கு வந்தாள். "அக்கா, சரி வந்திட்டுது. முறிவில்லை. அவரின்ரை ஊசிக்கு இண்டையிலிருந்தே தருவினம்," என்றாள். நான் எழும்பி அவளைக் கட்டிப் பிடித்தேன். அவள் பயந்துபோனாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்காகத் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். முகத்தில் ஒரே கேள்வி.

"முறியேல்லை. இண்டையிலிருந்து தருவினமாம்."

அவர் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் கும்பிட்டார். நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து டப்பாவை மேசையில் வைத்தேன். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"எத்தினை கிழமையாய் நோவைத் திண்டுகொண்டு இருக்கிறியள்?"

"எண்ணேல்லை," என்றார். கணக்கு வாத்தியார் எண்ணவில்லையாம்.

"ஏனப்பா?"

அவர் கதிரையில் உட்கார்ந்து மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீர் வேலையை விடுறதெண்டு முடிவெடுத்த அண்டையிலிருந்து ஒண்டு விட்டு ஒண்டுதான் போட்டனான். எங்கையாவது முறிஞ்சு போச்செண்டால் நீர் அடுத்த நாளே அந்தப் பழைய கந்தோருக்கு ஓடிப்போய், திரும்ப எடுங்கோ எண்டு கேட்டிருப்பீர். எனக்கு உம்மைத் தெரியும். கையிலை கொஞ்சம் ஊசி இருந்தால், இந்தா இருக்கு, போகாதையும் எண்டு சொல்லலாம்தானே."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் அன்பையும் பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியாது. ஊசியில் ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டேன். குளிரோடு போட்டால் அதிகமாக நோகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சூடு ஏறும் வரைக்கும் அவருக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரும் எழும்பிப் போகவில்லை.

பிறகு அவருடைய சேர்ட்டைத் தூக்கி, டொக்டர் காட்டித் தந்தபடி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, முதல் தடவையாக நானே குத்தினேன். அவர் வீங்கிய விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்க அந்த விரல்களில் பலம் இல்லை.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவர் என்னிடம் ஓம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.